அந்தக் கறுப்புச் சேற்றை அள்ளாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரு புல்மேட்டில் மரக்கன்று நடுகிறார்கள். 'மொட்டை மலையைச் சோலையாக்கும் முயற்சி' என்று தலைப்பு. இரண்டு நாள் கழித்து வாசகர் ஒருவர் அதைப் பாராட்டி எழுதியிருந்தார். இந்த மலையெல்லாம் ஒரு காலத்தில் அடர்ந்த காடு, மாடு மேய்ப்பவர்கள் தீ வைத்துத் தீ வைத்துப் புல்லாக்கிவிட்டார்கள், இனியாவது மரம் வரட்டும் என்பது அவர் கருத்து. நட்டவர்களுக்கும் சரி, பாராட்டியவருக்கும் சரி, நல்ல மனசு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் விஷயம் தப்பு. அது தப்பு என்பதற்குச் சாட்சி இந்த மலையிலேயே புதைந்து கிடக்கிறது. அந்தச் சாட்சியும் இப்போது லாரியில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் விஞ்ஞானி இல்லை. கோவையில் ஒரு கல்லூரித் தாவரவியல் துறையில் 31 வருஷம் ஆய்வக உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது கோத்தகிரியில் மகன் வீட்டில் இருக்கிறேன். குப்பி கழுவுவது, செடி காயவைத்து ஒட்டுவது, மாணவர்களுக்கு மைக்ராஸ்கோப் எடுத்து வைப்பது என்று எல்லா வேலையும் செய்திருக்கிறேன். அதில் என் மனசுக்கு மிகவும் பிடித்தது, சேற்றிலிருந்து மகரந்தம் பிரித்தெடுக்கிற வேலை.

1997 ஜனவரியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த ஒரு மாணவியோடு குந்தா பக்கம் ஒரு சதுப்புக்குப் போனோம். இரண்டு புல்மேட்டுக்கு நடுவே, பெரிய தாம்பாளம் போல் ஒரு பள்ளம். நடுவில் கோரை, ஓரத்தில் புல், மேற்கு மடிப்பில் ஒரு சின்னச் சோலை. காலை ஏழு மணிக்குப் புல் நுனியெல்லாம் உப்பைத் தூவியது மாதிரி உறைபனி. எருமை ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, "அம்மா, நடுவுல போகாதீங்க. போன வருஷம் ஒரு எருமை இறங்கிச்சு, ஏறவே இல்ல" என்றார். பலகை போட்டு, அதன் மேல் நின்றுதான் வேலை செய்தோம்.

ரஷ்யன் கோரர் என்று ஒரு கருவி. அரை மீட்டர் நீளத்துக்கு அரைக்குழாய், பக்கவாட்டில் ஒரு தகடு. மூடியபடியே சேற்றுக்குள் இறக்கி, வேண்டிய ஆழம் வந்ததும் கைப்பிடியைப் பாதிச் சுற்றுத் திருகினால், அந்த ஆழத்துச் சேற்றை மட்டும் வழித்து மூடிக்கொள்ளும். முதல் அரை மீட்டர் முழுக்க வேர்ப் பின்னல், காப்பிப்பொடி நிறம். அடுத்த அரை மீட்டரில் வேர் குறைந்து நிறம் கறுத்தது. விரலால் தொட்டால் வெண்ணெய் மாதிரி வழுவழுப்பு, நசுக்கினால் அழுகின முட்டை வாசனை. கீழே போகப் போகக் கறுப்புக்கு நடுவே சாம்பல் பட்டைகள். இரண்டு மீட்டரை நெருங்கும்போது கருவி கரகரவென்று சத்தம் போட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் சாம்பல் நிறக் களிமண்ணும் பொடிக்கல்லும். அதுதான் தாம்பாளத்தின் அடி.

மூன்றாவது முறை எடுத்ததைத் திறந்தபோது நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சேற்றின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு இலை. நரம்பு தெரிகிறது, காம்பு தெரிகிறது, நேற்று உதிர்ந்த சருகு போல் தேன் நிறம். "அக்கா, சீக்கிரம் படம் எடுங்க" என்று அந்தப் பெண் கத்தினாள். நான் கேமராவை உறையிலிருந்து எடுப்பதற்குள் இலை கறுத்துவிட்டது. காற்றுப் பட்டதும் அவ்வளவுதான். எத்தனையோ ஆயிரம் வருஷம் கெடாமல் இருந்தது, இரண்டு நிமிஷத்தில் கரியாகிவிட்டது.

ஏன் கெடாமல் இருந்தது? எண்ணெய் மிதக்க மூடி வைத்த எலுமிச்சை ஊறுகாய் ஏன் கெடுவதில்லையோ அதே காரணம்தான். புளிப்பு இருக்கிறது, காற்று இல்லை. சதுப்பில் தண்ணீர் மேலே நின்று காற்றை அடைத்துவிடுகிறது. குளிரும் சேர்ந்துகொள்கிறது. விழுந்த இலை, விதை, வேர் எதுவும் முழுதாக மக்குவதில்லை. அந்தக் கறுப்பு மண்ணை நாங்கள் பீட் என்போம். காற்றில் பறந்து வந்த மகரந்தத் தாதுவும் வருஷா வருஷம் அதில் படிந்துகொண்டே வரும், கீழே பழையது, மேலே புதியது. ஏரியின் அடிச்சேற்றிலும் இப்படித்தான். பழனி மலையில் குக்கல் ஏரியின் சேற்றை எடுத்துப் பல ஆயிரம் ஆண்டுகளின் மழையையும் மரங்களையும் இந்த முறையில்தான் படித்திருக்கிறார்கள்.

தாதுவின் வெளித்தோல் ஸ்போரோபொலினின் என்ற பொருளால் ஆனது. உயிருள்ளவை செய்யும் பொருள்களில் இவ்வளவு உறுதியானது வேறு ஏதாவது இருக்குமா என்று நான் வியந்திருக்கிறேன். சேற்றை முதலில் காரத்தில் கொதிக்க வைப்போம். சல்லடையில் வடிப்போம். பிறகு மணலைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். அது கண்ணாடியையே தின்னும், அதனால் பிளாஸ்டிக் குழாய்தான். கடைசியாக அசிட்டிக் அன்ஹைட்ரைடு ஒன்பது பங்கு, கந்தக அமிலம் ஒரு பங்கு சேர்த்துச் சூடாக்குவோம். குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கியிருந்தாலும் முகத்தில் தெறிக்கும். இத்தனையிலும் வேர் போகிறது, இலை போகிறது, மண் போகிறது. தாது மட்டும் போவதில்லை. குழாயின் அடியில் கடுகளவு பழுப்புப் படிவாக நிற்கும். அதில் ஒரு துளி எடுத்துக் கிளிசரினில் வைத்து, 400 மடங்கு பெரிதாக்கிப் பார்த்து எண்ண வேண்டும். ஒரு மாதிரிக்கு முந்நூறு தாதுவாவது எண்ணினால்தான் அந்த மாணவிக்கு நிம்மதி.

புல்லின் தாது உருண்டையாக இருக்கும். ஒரே ஒரு துளை, துளையைச் சுற்றி வடை ஓரம் மாதிரி ஒரு வளையம். காட்டுப் பூவரசின் தாது நாலு நாலாக ஒட்டிக்கொண்டிருக்கும். சோலையில் சிவப்பாகப் பூக்கிற மரத்துக்கு இப்படி ஒரு தாதுவா என்று முதல் தடவை பார்த்தபோது வியப்பாக இருந்தது. நாவல் வகை எல்லாம் முக்கோணம். கற்பூர மரமும், அதாவது யூகலிப்டஸ் என்கிற தைல மரமும், நாவல் குடும்பம்தான், அதனால் அதுவும் முக்கோணம், கொஞ்சம் பெரிசு. சீகை (வாட்டில்) மரத்துக்குப் பதினாறு தாது சேர்ந்து ஒரு சின்னப் பந்து. பைன் தாதுவுக்கு இரண்டு பக்கமும் காற்றுப்பை. இந்தக் கடைசி மூன்றும் மேலே உள்ள சில சென்டிமீட்டரில்தான் வரும். அதற்குக் கீழே தேடினாலும் கிடைக்காது. கற்பூர மரம் இந்த மலைக்கு வந்ததே 1843-இல்தான். வெள்ளைக்காரன் வந்த ஆழம் எது என்று சேறே கோடு போட்டுக் காட்டுகிறது.

பெயர் தெரியாத தாது நிறைய வரும். அதை ஒப்பிட்டுப் பார்க்கப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு நாலு நாள் போயிருந்தோம். மேற்குத் தொடர்ச்சி மலை மரங்களின் தாதுவெல்லாம் அங்கே கண்ணாடித் தகடுகளில் அடுக்கடுக்காக இருக்கின்றன. தணிகைமணி என்ற தமிழர் பல வருஷம் உழைத்து வளர்த்த தொகுப்பு அது. 1986 செப்டம்பரில் கராச்சி விமான நிலையத்தில் பான் ஆம் விமானத்தைக் கடத்தியவர்கள் சுட்டுக் கொன்றவர்களில் அவரும் ஒருவர். வயது 48. இந்தத் துறையில் உலகமே மதித்த மனிதரை நம் ஊர்ப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில்கூட நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் செய்து என்ன தெரிந்தது என்று கேட்பீர்கள். புல்வெளி இயற்கையா, மனிதன் ஆக்கியதா என்பது பழைய சண்டை. 1938-இல் வன அதிகாரி சி.ஆர்.ரங்கநாதன், உறைபனிதான் காரணம், பள்ளத்திலும் திறந்த சரிவிலும் மரக்கன்று பனியில் கருகிவிடுகிறது, அதனால் புல் நிற்கிறது என்று எழுதினார். அதே வருஷம் புல் வகைகளில் பெரிய அறிஞரான என்.எல்.போர், இல்லை, தீயும் மேய்ச்சலும்தான் என்று எழுதினார். இருவருமே கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் வாதாடினார்கள். சேற்றை யாரும் கேட்கவில்லை.

அப்புறம் லக்னோவில் இருக்கும் பீர்பல் சாஹ்னி நிறுவனத்தின் விஷ்ணு மித்ரேயும் குப்தாவும் நீலகிரிச் சதுப்புகளில் தாது எண்ணினார்கள். 1988-இல் புதுச்சேரியிலிருந்து வசந்தி நீலகிரியில் உள்ள சாண்டிநல்லாவின் சேற்றைப் பற்றி எழுதினார். 1993-இல் ராமன் சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோர் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியிட்டது இன்னொரு வழி. தாதுவில் ஒரு சிக்கல் உண்டு. சோலையில் நிறைய இருக்கிற இலவங்கக் குடும்பத்து மரங்களின் தாதுத்தோல் மிக மெல்லிசு, சேற்றில் நிற்காது. இன்னொரு பக்கம், சதுப்புக்குள்ளேயே வளரும் கோரையும் புல்லும் தங்கள் தாதுவைக் கொட்டித் தீர்த்துவிடும். எண்ணிக்கையை அப்படியே நம்பினால் சோலை இல்லாத ஊர் மாதிரித் தெரியும். அதனால் சுகுமார் குழுவினர் பீட்டில் உள்ள கார்பனைப் பார்த்தார்கள். கார்பனில் லேசானது, கனமானது என்று வகை உண்டு. வறட்சியைத் தாங்கும் வெப்பநாட்டுப் புற்களில் கனமான கார்பன் சற்றுக் கூடுதலாக இருக்கும், மரங்களிலும் ஈரத்தில் வளரும் செடிகளிலும் குறைவாக இருக்கும்.

கிடைத்தது இதுதான். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், பருவமழை மெலிந்திருந்தபோது இந்த மலையில் வறண்ட நிலப் புல் பரந்திருந்தது. பனியுகம் முடிந்து மழை வலுத்தபோது ஈரத்தை விரும்பும் செடிகளும் சோலையும் பெருகின. பிறகு ஏறக்குறைய 6,000 ஆண்டிலிருந்து 3,500 ஆண்டுக்கு முன்வரை மறுபடி ஒரு வறட்சி, மறுபடி புல்லின் கை ஓங்கியது. மலை முழுக்க ஒரே மாதிரி நடக்கவும் இல்லை. மழை அதிகம் கிடைக்கும் மேற்கு ஓரத்தில் சோலை பரவிய அளவுக்கு நடு மேட்டில் பரவவில்லை என்பது பின்னால் வந்த ஆய்வு. தென்னாட்டில் உழவு தொடங்கி ஏறக்குறைய 5,000 ஆண்டுதான் ஆகிறது. அதற்குப் பதினைந்தாயிரம் ஆண்டு முன்பே இங்கே புல் இருந்திருக்கிறது. மேய்ப்பவர்கள் வைத்த தீ புல்லை ஓரளவு விரித்திருக்கலாம், சோலையின் ஓரத்தைக் கருக்கியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புல்லைப் படைத்தது அவர்கள் இல்லை. தலைமுறை தலைமுறையாக அந்தப் பழியைச் சுமக்கிற மக்களுக்கு இது தெரிய வேண்டும் என்பதும் என் ஆசை. வரையாடு நம் மாநில விலங்கு. சோலைக்குள் அது வாழாது, புல்தான் அதன் வீடு. நீலக்குறிஞ்சிக்கும் திறந்த வெயில்தான் வேண்டும்.

பழனி மலையில் நாற்பது வருஷத்தில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. தைலமும் சீகையும் பைனும் நட்டதும், தோட்டமாக்கியதும்தான் பெரிய காரணம். நட்ட அத்தனை பேரும் நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

இனி என் மனசை அறுப்பதைச் சொல்கிறேன். சென்ற மாதம் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் குந்தா பக்கம் போனேன். பஸ் அந்த வளைவில் திரும்பியதும் தாம்பாளப் பள்ளத்தைப் பார்க்க எட்டிப் பார்த்தேன். உள்ளே ஜேசிபி நின்றது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். தண்ணீர் சேமிக்கக் குட்டை வெட்டுகிறார்களாம். யார் வெட்டுகிறார்கள், எந்த ஊர் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒருவரைக் குற்றம் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. அவர்களுக்கும் அது சேறாகத்தான் தெரிந்திருக்கிறது. மழைநீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி, கோடை முழுக்க ஓடைக்குக் கசியவிடுகிற இடத்தைத் தோண்டித் தண்ணீருக்குக் குட்டை வெட்டுகிறோமே என்று நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை வந்தது.

காலையில் ஆரம்பித்தார்களாம், நான் போனபோது மதியம் இரண்டு மணி. பாதிக்கு மேல் காலி. டிப்பர் ஓட்டுகிற தம்பியிடம் மண் எங்கே போகிறது என்று கேட்டேன். "கேரட் தோட்டத்துக்குமா. நல்ல சத்து மண்ணு, போட்டா சும்மா கிளம்பும்" என்றார். குழியின் அடியில் சாம்பல் களிமண் தெரிந்தது. எனக்குத் தெரிந்த அதே களிமண். இரண்டு மீட்டரில் இருபதாயிரம் ஆண்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு சென்டிமீட்டருக்கு நூறு ஆண்டு. ஜேசிபியின் வாளி ஒரு தடவை கீறினால் எத்தனை நூற்றாண்டு போகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், மேலே போட முடியவில்லை.

தோண்டினால்தான் கெடும் என்பதில்லை. பக்கத்துத் தோட்டத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தாலே போதும். சரிவில் சீகையையும் கற்பூரத்தையும் நெருக்கமாக நட்டு ஈரத்தை இழுக்க விட்டாலும் போதும். சேறு காய்ந்ததும் காற்று உள்ளே போகும். அந்த இலை என் கண் முன்னால் கறுத்த மாதிரி எல்லாம் கறுக்கும், தாதுவும் அரித்துப்போகும். பார்ப்பதற்கு அங்கே மண் இருக்கும், எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. பீட் உள்ள சதுப்பு இந்த மலையில் கொஞ்சம்தான். இன்றைக்கு இருக்கிற கருவிகளால் படிக்க முடியாததை நாளைக்கு வருகிற பிள்ளைகள் படிப்பார்கள். நாங்கள் எண்ணிய காலத்தில், சேற்றில் கரைந்து கிடக்கும் டிஎன்ஏவைக்கொண்டு செடியை அடையாளம் காணலாம் என்று எங்கள் ஆய்வகத்தில் யாரும் பேசியதுகூட இல்லை. இன்று செய்கிறார்கள்.

எனவே வனத்துறையையும் வருவாய்த்துறையையும் தோட்டக்கலைத்துறையையும் நான் கேட்டுக்கொள்வது, 2,000 மீட்டருக்கு மேலே உள்ள சதுப்புகளைக் கணக்கெடுத்து, அவற்றில் மண் எடுக்கவோ வாய்க்கால் வெட்டவோ யாருக்கும் அனுமதி தராதீர்கள். வெட்டியே தீர வேண்டிய இடம் என்றால், ஒரு வாரம் முன்னால் ஒரு தாவரவியல் துறைக்காவது சொல்லுங்கள். இரண்டு பேரும் ஒரு துளைக்கருவியும் வந்தால் ஒரு நாளில் மேலிருந்து அடிவரை எடுத்துப் பத்திரப்படுத்திவிடலாம். மரம் நட ஆசைப்படும் பள்ளிகளுக்கு ஒன்று. நடுங்கள், நட வேண்டாம் என்று சொல்ல நான் யார். சீகையை அகற்றிய இடங்கள், உடைந்துபோன சோலையின் ஓரங்கள் நிறைய இருக்கின்றன. அங்கே நாவலும் சண்பகமும் காட்டுப் பூவரசும் வையுங்கள். புல்லை மட்டும் விட்டுவிடுங்கள். தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். வருவாய்க் கணக்கில் தரிசு, புறம்போக்கு என்று எழுதிவைத்திருப்பதால் நாமும் மொட்டை மலை என்று எழுத வேண்டியதில்லை. புல்வெளி என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது.

அன்றைக்கு டிப்பரிலிருந்து விழுந்த ஒரு கட்டியைக் கேட்டு வாங்கிவந்தேன். தேங்காய் அளவு இருக்கும். நடுப்பகுதியிலிருந்து வந்தது என்று நிறத்தை வைத்து நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியாது, அடுக்கு குலைந்துவிட்டது. காற்றுப் படாமல் பாலித்தீன் சுற்றி, அலுமினியத்தாள் சுற்றி, தேதி எழுதிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். மருமகள் கறிவேப்பிலையை மேல்தட்டுக்கு மாற்றி இடம் கொடுத்தாள். கட்டியின் ஓரத்தில் ஒரு விதை பாதி தெரிகிறது. நான் அதைத் தொடவில்லை. இதைப் படிக்கத் தெரிந்த மாணவர் யாராவது இருந்தால் தங்கள் அலுவலகம் மூலம் எனக்குத் தகவல் சொல்லட்டும். எப்போது வந்தாலும் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
கோத்தகிரி.